மிதிக்காத வேளையில்

சென்ற மாதம் கந்தர்வக்கோட்டையில் நம் தமக்கையார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, தெருமுனையிலிருந்து தேன்கூடு கலைந்தாற்போல ஓர் இரைச்சல் எழுந்து வந்தது. திரும்பிப் பார்த்தோம். அக்காவின் இளைய மகன் புதிதாக வாங்கிய கியர் சைக்கிளில், மிதிப்பதை நிறுத்திவிட்டு, சரிவில் தானாக உருண்டு வந்துகொண்டிருந்தான். வாசலில் வண்டி நின்றதும் இரைச்சலும் நின்றது. "மாமா, மிதிக்கும்போது வாய் மூடியிருக்கிறது, மிதிக்காமல் விட்டால் இப்படிக் கத்துகிறது. காசு கொடுத்து வாங்கிய வண்டியில் ஏதும் கோளாறா?" என்று கேட்டான். உள்ளேயிருந்து அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் நமக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் எவரிடமும் விரித்துச் சொல்லாத ஒரு செய்தி அதில் இருந்தது. பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால் அந்தச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். எனவே இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

முதலில் கேள்விக்கு வருவோம். சைக்கிளின் பின்சக்கரத்து நடுவில், சங்கிலி சுற்றிவரும் சிறிய பல்சக்கரம் ஒன்று இருப்பதை அன்பர்கள் அறிவர். பிரீவீல் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். பார்ப்பதற்கு ஒரே இரும்புத் துண்டு போலத் தோன்றும். உண்மையில் அது ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரண்டு வளையங்கள். உள்வளையம் சக்கரத்தின் குடத்தோடு மரையால் முறுக்கப்பட்டிருக்கும். நாம் மிதிக்க மிதிக்க அந்த மரை இறுகுமே தவிர இளகாது. வெளிவளையத்தின் வெளிப்புறப் பற்களில் சங்கிலி ஓடும். அதன் உட்புறத்திலோ, கண்ணுக்குத் தெரியாமல், ரம்பப் பற்களைப் போல ஒருபக்கம் சரிந்தும் மறுபக்கம் செங்குத்தாகவும் உள்ள பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இவ்விரு வளையங்களுக்கும் நடுவே, உள்வளையத்தில் பொருந்திய இரண்டு சிறு இரும்பு நாக்குகள் உண்டு. மயிரிழை போன்ற கம்பிச் சுருள் அந்த நாக்குகளை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு வளையங்களும் உரசாமல் சுழல்வதற்காகக் கடுகினும் சற்றே பெரிய பால்ரஸ் குண்டுகள் இருவரிசையாகக் கிடக்கும்.

நாம் மிதிக்கும்போது பல்லின் செங்குத்துப் பக்கம் நாக்கின் மீது முட்டி, சக்கரத்தை இழுத்துச் செல்கிறது. அப்போது ஓசை இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் சங்கிலியும் வெளிவளையமும் நின்றுவிடுகின்றன, சக்கரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதனோடு ஓடும் நாக்குகள் ஒவ்வொரு பல்லின் சரிவிலும் ஏறி, உச்சியைக் கடந்து, அடுத்த பள்ளத்தில் விழுகின்றன. விழும்போதெல்லாம் கம்பிச் சுருள் அவற்றை இரும்பின்மேல் அறைகிறது. 'டக்' என்னும் ஒலி அதுதான். பள்ளிவாசல் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது எழும் ஒலியும், தறியில் நெய்த துணியைச் சுற்றும்போது எழும் ஒலியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருபக்கம் போகலாம், திரும்பி வரக்கூடாது என்று விதித்துக் காவல் நிற்கும் நாக்கின் ஒலி அது.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர்ப் பெரிய கறுப்பு சைக்கிளின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீட்டர் தூரம் போகும். உட்புறப் பற்கள் 20 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டால் சக்கரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். நாக்குகள் இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால் வினாடிக்கு 50 தட்டுகள். மாறிமாறி விழுந்தால் 100. தனித்தனித் தட்டாக இருந்தது இழையோடி ஓர் இரைச்சலாக மாறுவது இதனால்தான். வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு நடந்தால் வினாடிக்குப் பத்து அல்லது இருபது தட்டுகள் விழும். ஒவ்வொன்றும் தனியே காதில் படும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதை இதில்தான் சிக்கிக்கொள்கிறது.

எல்லா வண்டியும் ஒரே அளவில் ஏன் பேசுவதில்லை என்பது அடுத்த கேள்வி. காரணங்கள் நான்கு. சுருளின் வலிமை முதலாவது. வலுவாகத் தள்ளும் சுருள் நாக்கை ஓங்கி அறையும். நாக்குகளின் எண்ணிக்கையும் பற்களின் எண்ணிக்கையும் இரண்டாவது. உள்ளே இருக்கும் எண்ணெயின் தன்மை மூன்றாவது. கெட்டியான மசகு நாக்கு விழும் வேகத்தைக் குறைத்து ஓசையை விழுங்கிவிடும். நான்காவது, குடம். வண்டிச் சக்கரத்தின் நடுவிலிருப்பதையும் குடம் என்கிறோம். வீணையின் அடியிலிருப்பதையும் குடம் என்கிறோம். குடமில்லாமல் தந்தியை மட்டும் மீட்டினால் யார் காதில் விழும்? பழைய சைக்கிளின் குடம் மெலிந்த இரும்புக் குழாய். அக்கா மகனின் சைக்கிளிலோ உள்ளீடற்ற, பருத்த அலுமினியக் குடம். சிறு தட்டையும் அது பெருக்கி வெளியே தள்ளுகிறது.

பந்தயக்காரர்கள் இந்த ஓசையை விரும்பித் தேடுவதற்கும் காரணம் உண்டு. இருபது பற்கள் உள்ள பிரீவீலில், மீண்டும் மிதிக்கத் தொடங்கியவுடன் நாக்கு ஒரு பல்லைப் பற்றுவதற்குள் பல்சக்கரம் 18 பாகை வரை வீணே சுழலக்கூடும். அமெரிக்கக் கம்பெனியான கிறிஸ் கிங் செய்யும் குடத்தில் 72 பற்கள். எனவே 5 பாகைக்குள் பற்றிவிடும். பற்கள் பெருகப் பெருகத் தட்டுகளும் பெருகும். ஓசையே வேண்டாம் என்பவர்களுக்காக நாக்குகளுக்குப் பதில் சிறு உருளைகள் இறுகிப் பிடிக்கும் குடங்களும் வந்துள்ளன. அவை சொல்லாமல் கொள்ளாமல் உருளும்.

உலகில் முதன்முதலாக ஓடிய சைக்கிள்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். பெரிய முன்சக்கரம் கொண்ட அக்காலத்து வண்டிகளில், இறக்கத்தில் போவோர் மிதியிலிருந்து கால்களை எடுத்து மேலே தூக்கி வைத்துக்கொள்வார்களாம். அமெரிக்கரான வில்லியம் வான் ஆண்டன் 1869-ஆம் ஆண்டிலேயே இதற்கொரு மாற்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அது பரவலாயிற்று. 1902-இல் இங்கிலாந்தின் வில்லியர்ஸ் கம்பெனி பிரீவீல் செய்யத் தொடங்கிய பிறகு, மிதியாமல் உருளுதல் என்பது ஏழை எளியவர்க்கும் கிட்டிய இன்பமாயிற்று. நாள் முழுதும் மிதித்தவன் இறக்கத்தில் இரண்டு நிமிடம் காலுக்கு ஓய்வு கொடுக்கிறான். அந்த ஓய்வின் ஓசைதான் நாம் கேட்பது.

அந்த ஓய்வின் ஓசையை நாம் ஒருமுறை கொன்றோம். இனி அந்தக் கதை.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், சாலையோரத்தில் இருப்பது கந்தர்வக்கோட்டை. செம்மண் பூமி, முந்திரிக் காடுகள் நிறைந்தது. நம் அத்தா ஜவுளி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். கல்லாக்கோட்டை, வெள்ளாளவிடுதி, மட்டங்கால் என்று நாளுக்கொரு திசை. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவார். இருட்டிய பிறகு திரும்புவார். சென்னை அம்பத்தூரில் செய்த கறுப்பு ஹெர்குலிஸ் அது. நம் தெருவுக்கு முன்னால் ஒரு சிறு சரிவு உண்டு. அங்கே அவர் கால்களை நிறுத்திவிடுவார். 'டக்டக்டக்' என்று ஓசை கேட்கும். அம்மா எழுந்து குழம்புச் சட்டியை அடுப்பிலேற்றுவார். குரல் கொடுத்து வீடு திரும்பும் வழக்கம் அத்தாவுக்கு இருந்ததில்லை. குரல் கொடுத்ததெல்லாம் சக்கரம்தான்.

1991-ஆம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மூண்ட நேரம். திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு பெண்கள் எழுத்துக் கூட்டினார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதில் முனைந்து நின்றார். மகளிர் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். நம் அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், அறிவொளித் தொண்டராகச் சேர்ந்தார். அவர் பாடம் நடத்த வேண்டிய குடியிருப்பு ஒன்றரை மைல் தொலைவு. நடந்து போய்த் திரும்பினால் இரவாகிவிடும். சைக்கிள் தெரிந்திருந்தால் கால்மணி நேரம்.

அத்தா வேண்டாமென்று சொல்லவில்லை. அவரிடம் எவரும் கேட்கவேயில்லை என்பதுதான் உண்மை. நம் தெருவில் அதுவரை ஒரு பெண்ணும் சைக்கிளில் ஏறியதில்லை. கேட்டால் என்ன சொல்வாரோ என்னும் அச்சத்தில், கேட்காமலேயே மறுப்பை நாமே எழுதிக்கொண்டோம். ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டப் பழகிக்கொண்டிருந்த நாமே அக்காவுக்கு ஆசிரியர் ஆனோம். இஷாவுக்குப் பிறகு அத்தா உறங்கியதும், வண்டியை வெளியே எடுத்துச் சந்தைத் திடலுக்குக் கொண்டுபோவது எங்கள் ஏற்பாடு.

முதல் நாளே இடர் வந்தது. நள்ளிரவு போல அடங்கிக்கிடந்த சந்தில் வண்டியைத் தள்ளத் தொடங்கியதும் பிரீவீல் பேச ஆரம்பித்துவிட்டது. பகலில் எவர் காதிலும் படாத அந்த ஓசை, இரவில் ஒவ்வொரு தட்டாகத் தெருமுழுதும் கேட்டது. பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே நடந்தோம். நான்கு இரவுகள் அப்படித் தூக்கிச் சுமந்த பிறகு, நமக்குத் தெரிந்த தொழிலை நம் அத்தாவின் வண்டியிலேயே காட்டத் துணிந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவர் பள்ளிவாசல் போயிருந்த நேரம் பார்த்துப் பின்சக்கரத்தைக் கழற்றினோம். பிரீவீலின் மூடி மற்ற மரைகளுக்கு நேர்மாறானது. வலப்பக்கம் திருகினால்தான் கழலும். உளியை வைத்துத் தட்டிக் கழற்றினோம். குண்டுகள் சிதறாமல் துணியில் ஏந்தினோம். நாக்குகளின் மேலும் பற்களின் மேலும், பக்கத்து வீட்டு மாட்டுவண்டிக்குப் போடும் வண்டி மையை அள்ளி அப்பினோம். மூடியபின் சக்கரத்தைச் சுழற்றினோம். ஓசையே இல்லை. பெருமையாக இருந்தது. அன்றிரவு அக்கா திடலில் மூன்று சுற்றுகள் தாமாகவே ஓட்டினார்.

மசகு ஓசையை விழுங்கும் என்பது நமக்குத் தெரிந்திருந்தது. நாக்கையும் விழுங்கும் என்பது தெரியவில்லை. மயிரிழைச் சுருளுக்கு உள்ள வலிமை அற்பம். வண்டி மையோ ஒட்டும் தன்மையுள்ளது. செம்மண் புழுதியும் பனிக்குளிரும் சேர்ந்தால் களியாய் இறுகும். அதில் புதைந்த நாக்கு, சுருள் தள்ளினாலும் எழாது. நாக்கு எழாவிட்டால் மிதிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும்.

பத்து நாட்கள் கழிந்தன. மார்கழி மாதத்துப் பனிக்காலை. அத்தா முழு மூட்டையோடு புறப்பட்டார். ஊரைக் கடந்து ஒரு பாலத்தை அடுத்த மேட்டில், எழுந்து நின்று தம் எடை முழுவதையும் ஒரு மிதியின்மேல் வைத்தார். அந்த மிதி எதையும் பற்றாமல் கீழே போயிற்று. கிணற்றுப் படி உடைந்தாற்போல அவர் விழுந்தார். முழங்கால் குறுக்குக் கம்பியில் மோதியது. மூட்டை மேலே சரிந்தது. வழியில் வந்தவர்கள் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எலும்பு முறியவில்லை, ஆனால் மூட்டு வீங்கி, மூன்று வாரம் கால் ஊன்ற முடியவில்லை.

வண்டியை நாம் வேலை பழகிய கடைக்கே கொண்டுபோனார்கள். கடைக்காரர் பிரீவீலைத் திறந்தார். உள்ளே பார்த்தார்; பிறகு நம்மைப் பார்த்தார். "இதற்கு வண்டி மை போடுகிறவன் தொழில் தெரியாதவன் இல்லை, அரைகுறையாகத் தெரிந்தவன்," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் அலசி, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மூடிக்கொடுத்தார். சக்கரத்தைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்கச் சொன்னார். சீராகத் தட்டினால் இரண்டு நாக்கும் உயிரோடு இருக்கின்றன. தாளம் தப்பினால் ஒன்று போயிற்று. பேசாமலே இருந்தால் ஏறாதே என்றார். அதுவே நாம் கற்ற முதல் பாடம்.

வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தோம். மூன்றாம் நாள், நாம் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். அத்தாவின் கட்டிலருகே நின்று, "தம்பியைக் கோபிக்க வேண்டாம், எனக்காகத்தான் செய்தான்," என்று முழுவதையும் சொன்னார். அத்தா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கோபித்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வண்டியை ஊமையாக்குவதற்குப் பதிலாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?"

எங்களிடம் பதிலில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

ஆனால் வீடு அத்தோடு நிற்கவில்லை. தஞ்சாவூர் மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பணம் நெருக்கியது. சுற்றுக் கிராமங்களில் தவணைக்குக் கொடுத்த சேலைகளுக்கு வாரந்தோறும் வசூலிக்க வேண்டும். நாமோ பள்ளிக்கூடம் போக வேண்டியவர். எந்த வீட்டில் எவ்வளவு நிலுவை என்பதும் நமக்குத் தெரியாது. அத்தாவின் கணக்கு நோட்டை எழுதி வந்தவர் அக்காதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தா தாமாகவே நோட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "வெள்ளாளவிடுதி வரைக்கும் போய் வர முடியுமா?" என்றார். சைக்கிள் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. வேறு எதில் போவது என்று அக்காவும் கேட்கவில்லை.

அன்று காலை பட்டப்பகலில், தலையில் முக்காடும் கேரியரில் நோட்டுப் பையுமாக, அக்கா அந்த ஆண்கள் வண்டியில் தெருவைக் கடந்தார். பார்த்தவர்கள் பலவிதமாகப் பேசினார்கள். இரண்டொருவர் அத்தாவிடமே வந்து பேசினார்கள். அவர் தம் வீங்கிய காலைக் காட்டி, "நீங்கள் போய் வசூலித்து வருகிறீர்களா?" என்று கேட்டார். பேச்சு அடங்கிற்று.

மாலையில் அத்தா திண்ணையில் கால்நீட்டிக் கிடந்தார். நாம் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தோம். சரிவில் ஓசை கேட்டது. எழுதிய கை நின்றது. அத்தா கண்ணை மூடிக்கொண்டு செவி கொடுத்தார். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு, நம் பக்கம் திரும்பாமலேயே, "இரண்டு நாக்கும் சரியாக விழுகிறது," என்றார். அம்மா உள்ளே எழுந்து குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றியது நமக்குக் கேட்டது. நம் மீதிருந்த மன்னிக்கப்படாத கணக்கு அந்தச் சொல்லோடு தீர்ந்ததாகவே எடுத்துக்கொண்டோம்.

அதன்பின் நடந்தவை ஊரறிந்தவை. 1992 மார்ச் 8, உலக மகளிர் நாளன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை நிறைத்தார்கள். அந்த ஆண்டிலேயே மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கு வந்து பார்த்துத் தம் நூலில் எழுதினார். 1996-இல் வெளிவந்தது அந்நூல். பத்து வயதுக்குட்பட்ட சிறுமியரை நீக்கிப் பார்த்தால், மாவட்டத்துக் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் சைக்கிள் கற்றுவிட்டார்கள் என்றும், 70,000-க்கும் அதிகமானோர் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் அதில் காணலாம். கற்றவர்களில் இஸ்லாமியப் பெண்களும் இருந்தனர் என்பதை அவர் குறிப்பிட்டு எழுதியுள்ளார். குழந்தையை முன்னால் உட்கார வைக்கக் குறுக்குக் கம்பி உதவுகிறது என்று ஆண்கள் வண்டியையே விரும்பிக் கேட்ட தாய்மார்களைப் பற்றியும் எழுதியுள்ளார். படிக்கும்போது நமக்கு அந்தக் குறுக்குக் கம்பியில் மோதிய முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. ஒரே கம்பி, ஒருவருக்குக் காயம், இன்னொருவருக்குத் தொட்டில்.

தமிழக அரசு 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கும், 2005-06 முதல் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் பிறருக்கும் விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கிய பின்னர், பள்ளி விடும் நேரத்தில் கந்தர்வக்கோட்டைச் சாலையில் பெண்பிள்ளைகள் கூட்டமாக உருண்டு போவது சாதாரணக் காட்சியாகிவிட்டது. அவர்களுக்குள் எவர் வண்டியும் ஊமையாக இல்லை. எவருக்கும் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுமக்கும் தேவையும் இல்லை.

அத்தா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த முழங்கால் மழைக்காலத்தில் இறுதிவரை வலித்துக்கொண்டுதான் இருந்தது. அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஹெர்குலிஸ் அக்கா வீட்டுக் கொல்லையில் சாய்ந்து நிற்கிறது. டயர் போய்விட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்போம். இப்போதும் சீராகத் தட்டுகிறது.

இவ்வளவையும் அக்கா மகனிடம் சொல்லி முடித்தபோது அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இந்தச் சத்தத்தைக் குறைக்க மசகு எதுவும் போட வேண்டாமா?" என்றான். உள்ளே தேவையானது உண்டு. குடம் செய்தவர்கள் சொல்லும் மசகை, சொல்லும் அளவில் மட்டும் போடு. ஓசை கேட்கவில்லையே என்று மகிழாதே, ஏன் கேட்கவில்லை என்று பார், என்றோம். சைக்கிளுக்குச் சொன்னதுதான். ஆனால் வீட்டில் ஒருவர் திடீரென்று பேசாமலாகிவிட்டாலும் நாம் இப்போது அதையே செய்கிறோம். அருகில் போய் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்கிறோம்.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் சரிவின் உச்சிக்குப் போனான். அக்கா அடுப்படிக்கு எழுந்து போனார்.